வீசிங்கும் ஈஸ்ட்ரோஜனும்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல வந்த ஆஸ்துமா கட்டுரை படிச்சேன், தூசி புகை பனி எல்லாம் சொன்னீங்க சரி, ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் பத்தி ஒரு வரி கூட இல்லையே. சின்ன வயசுல ஆம்பளப் பசங்களுக்குத்தான் வீசிங் ஜாஸ்தி, வயசுக்கு வந்தப்புறம் அது அப்படியே மாறி பொண்ணுங்களுக்கு ஜாஸ்தியாகுது, இதுல ஹார்மோனுக்குப் பங்கு இருக்குன்னு டாக்டர்களே சொல்றாங்க. பீரியட்ஸுக்கு முந்தின சில நாள்ல, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரான்ங்கிற இன்னொரு பெண் ஹார்மோனும் சட்டுனு இறங்குற நேரம், சில பேருக்கு இழுப்பு கூடும், எனக்கும் அப்படித்தான், ஆனா ஓபில ஒருத்தரும் அதக் கேட்டதில்ல. (நாமளாவும் கூச்சத்துல சொல்றதில்ல, அது வேற.) மாதவிடாய் நின்னப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுக்குறவங்களுக்குப் புதுசா ஆஸ்துமா வர்றது கூடுதல்னு அமெரிக்க நர்ஸ்களப் பல வருஷம் கவனிச்ச ஆய்வு 2004ல சொல்லுச்சு, சிஓபிடிங்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில அந்த வித்தியாசம் தெரியல. அதுக்காக யாரும் மாத்திரைய தானா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. இழுப்பு வர்ற நாளையும் பீரியட்ஸ் தேதியையும் சேர்த்துக் குறிச்சு வச்சுக் காட்டினாலே அவங்களுக்குப் பாதி விஷயம் புரிஞ்சிரும். அடுத்த தடவ இத மகளிர் பக்கத்துல சமையல் குறிப்புக்கு நடுவுல சொருகாம மருத்துவப் பக்கத்துலயே போடுங்க சார்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்