அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு விலை பேசு

அன்புள்ள கண்ணம்மா,

படங்கள் வந்தன. தாமரை இலை மடங்கினாற்போல் இருக்கும் அந்த ஜேட் கல் கிண்ணம் தூரிகை அலசுவதற்கானது. சீன அறிஞர்களின் எழுதுமேசையில் மை அரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். வடிவம் அழகுதான். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் "சியென்லுங் காலத்துப் பொருள்" என்று கடைக்காரர் சொல்வதற்காக ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதே. அடியிலுள்ள அரச முத்திரையை யாரும் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். கல்லுக்கும் வேலைக்கும் மட்டும் காசு கொடு.

முதலில் கல். இந்த மேசைப் பொருள்களில் பெரும்பாலானவை நெஃப்ரைட் என்ற ஜேட் வகை. 1759இல் சியென்லுங் பேரரசரின் படை மேற்கிலுள்ள கோத்தான் பகுதியைப் பிடித்த பிறகு, அங்கத்திய ஆற்றுக் கற்கள் சூச்சோ நகரப் பட்டறைகளுக்குத் தாராளமாக வந்தன. கத்தியால் கீறிப் பார்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. ஜேட்போலத் தோன்றும் குவார்ட்சைட் கல்லும் அதில் தேறிவிடும். எடை போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமானது. மரத் தாங்கியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை உலர்வாக நிறு. பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தை டிஜிட்டல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய கிண்ணத்தை முழுக்க மூழ்கவிடு. உலர் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகு. 413 கிராமும் 140ம் வந்தால் விடை 2.95: நெஃப்ரைட். 2.6 பக்கம் வந்தால் செர்பென்டைன் போன்ற வேறு கல்லாகவோ குவார்ட்சைட்டாகவோ இருக்கலாம். 3.3 என்றால் ஜேட்டின் இன்னொரு வகையான ஜேடைட். கிண்ணம் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கணக்கு கெட்டுவிடும். இலை மடிப்பில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்து, நல்ல கல்லையும் போலி என்று காட்டும். மூழ்கவிட்டு லேசாக ஆட்டிவிடு.

அடுத்தது வேலை. ஜேட்டை உளியால் செதுக்குவதில்லை, அரைத்தே உருவாக்குகிறார்கள். காலால் மிதித்துச் சுழற்றும் இரும்புத் தட்டில் ஈரமான மணலைத் தடவுவார்கள். கல்லைத் தின்பது அந்த மணல்தான், இரும்பு அல்ல. அதனால் பழைய வேலையில் கோடுகளின் முனை மழுங்கி, சற்றே எல்லை தாண்டி ஓடியிருக்கும். மின்கருவியின் வைர முனையோ ஒரே சீராக, கூர்மையான இணைகோடுகளை விட்டுச்செல்லும். தண்டு கிண்ணத்தோடு சேரும் இடுக்கில் லென்ஸ் வைத்துப் பார். அவசரத்தில் செய்தவர்கள் வெளிப்புறத்தை மினுக்கிவிட்டு அந்த இடுக்கை வெளிறலாகவே விட்டிருப்பார்கள். அந்த இடுக்குவரை கை போயிருந்தால், புதிய பொருளானாலும் தயங்காமல் வாங்கலாம், புதியதற்கான விலையில்.

கல்லின் மேற்புறத்தில் விட்டுவைத்த பழுப்புத் தோலையும் பார்த்துக்கொள். சாயம் ஏற்றியிருந்தால் நிறம் விரிசல்களில்தான் அதிகம் தேங்கி நிற்கும்.

இரண்டு எடைகளையும் எழுதி அனுப்பு. அடிப்பக்கத்தை, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒரு படமும் வேண்டும். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா