கலாவுக்கு, நம் கோமாளி மீன்களைப் பற்றி

பெரம்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கலா,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஒரு மாதத்துக்கு அவரை அடுப்படிப் பக்கம் விடாதே.

புதுக் கோமாளி மீனின் வாலைப் பழையது கிழித்துவிட்டது, மேலே வெள்ளையாக ஏதோ படர்கிறது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான், உடனே தனித் தொட்டிக்கு மாற்று என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினேன். காரணம் சொல்ல அன்று நேரமில்லை.

எங்கள் வீட்டுப் பெரிய பெண் மீன் இறந்தது உனக்கு நினைவிருக்கும். மிஞ்சியது ஆண். கோமாளி மீன்களில் குஞ்சாக இருக்கும்போது பெண்ணே கிடையாது. கூட்டத்தில் எல்லாவற்றையும் அடக்கி நிற்கும் பெரியதுதான் பெண்ணாகும்; அது இறந்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண் சில மாதங்களில் பெண்ணாக மாறிவிடும். இதெல்லாம் தெரிந்திருந்தும் அதே அளவில் இன்னொன்றை வாங்கி நேராகத் தொட்டியில் விட்டேன். சம அளவில் இரண்டு நின்றால் யார் பெண் என்பதற்குத்தான் சண்டை. தோற்றது விட்டுக்கொடுத்தால் உடம்பைச் சாய்த்து வெடவெடவென்று நடுங்கும். வலிப்போ என்று பயந்துவிடாதே, நீயே பெரியவள் என்று அது ஒப்புக்கொள்கிறது. என் புதுமீன் நடுங்கவே இல்லை. இரண்டு நாள் ஓடியது, பிறகு தண்ணீர் மட்டத்துக்கு அருகே ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கியது.

உடம்பில் வெள்ளை தெரிந்ததும் வெண்புள்ளி நோய் என்று முடிவு கட்டித் தாமிர மருந்து விட்டேன். கலா, வெண்புள்ளி என்றால் உப்புத்தூள் தூவியது போலத் தனித்தனிப் புள்ளியாக இருக்கும். இது பாலாடை போலப் படர்ந்து, தோல் உரிந்து தொங்கியது. புரூக்லினெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரியின் வேலை. கோமாளி மீன்களை அதிகம் தாக்குவதால் கோமாளி மீன் நோய் என்றே இதைச் சொல்கிறார்கள். மீனின் மேலேயே இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும், செவுளையும் அரிக்கும். தாமிரம் இதை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காலை அந்த மீன் அடியில் கிடந்தது. இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு ஃபார்மலின்தான் மருந்து. தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்து; அளவு புட்டியில் இருப்பதுபோல. அது தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் காற்று பம்ப் நன்றாக ஓட வேண்டும். ஆளுக்கும் நஞ்சு அது: கையுறை போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை. பெரிய தொட்டியில் எந்த மருந்தும் வேண்டாம், கோமாளி மீன்கள் ஒண்டிக்கொள்ளும் உன் கடல் சாமந்தி தாங்காது.

சண்டையையும் நோயையும் தனித்தனியாக நான் பார்ப்பதில்லை. துரத்தப்பட்டு, சாப்பிடாமல் கிடக்கும் மீனின் உடம்பில் எதிர்ப்பு எங்கே இருக்கும்? கடலிலிருந்து பிடித்து, கை மாறிக் கை மாறி வரும் மீன் என்றால் இன்னும் மோசம். அதனால் அடுத்த முறை குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாகத் தேடினேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இவற்றைப் பொரிக்க வைத்து வளர்க்கிறார்களே, அப்படி வளர்ந்தது. பழையதில் பாதிகூட இல்லாத பொடியன். நான்கு வாரம் தனித் தொட்டி, பிறகு பெரிய தொட்டிக்குள்ளேயே ஓட்டை போட்ட பெட்டியில் பத்து நாள். திறந்துவிடுவதற்கு முன் கற்களையெல்லாம் இடம் மாற்றினேன், பழையதற்குத் தன் எல்லை எது என்று தெரியக்கூடாது என்று. முதல் நாள் பழையவள் துரத்தினாள். நான்காம் நாள் பொடியன் நடுங்கினான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இணை சேர்ந்த பிறகு துணைக்கு மூன்றாவது வாங்காதே. இரண்டும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும்.

அது ஆகி இரண்டு வருடம். போன செவ்வாய் கண்ணாடி துடைக்கக் கையை விட்டேன், விரலைக் கடித்துவிட்டாள். பொடியன் ஒரு தட்டைக்கல்லை விடாமல் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். முட்டையிடப் போகிறாள் என்று நினைக்கிறேன்.

உன் மீன்கள் இரண்டும் என்ன நீளம் என்று எழுது. தனியே வைத்தது சாப்பிடுகிறதா?

அன்புடன்,
சுமதி