ரிவெட் புராணம்

அன்புள்ள மூர்த்தி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நம் நண்பன் ‘ஒட்டடை’யின் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது, பத்திரிகை உனக்கும் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் வேலையாகக் கொல்கத்தா போனபோது வித்யாசாகர் சேதுவைப் பார்த்தேன். ஹூக்ளி ஆற்றின் மேல் கேபிள்கள் தாங்கும் பாலம், நடு ஸ்பான், அதாவது இரண்டு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட தூரம், 457 மீட்டர். அதே ஆற்றில் இருக்கும் பழைய ஹௌரா பாலத்துக்கும் அதே அளவுதான். ஆனால் என் கண் போனது கோபுரத்தின் மேல். வரிசை வரிசையாக ரிவெட் தலைகள், எஃகுத் தகடுகளைத் துளைபோட்டு இணைக்கிற அந்தத் தடித்த ஆணிகள்! ஆயுசு பூராவும் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துக் குறை கண்டுபிடித்துச் சாப்பிடுகிற உனக்கு இது கெட்ட செய்திதான்.

வடிவமைத்தவர் யோர்க் ஷ்லைஹ், ஸ்டுட்கார்ட்காரர். பைல் கேப் (அடித்தளத் தூண்களின் மேல் வைக்கும் கான்கிரீட் தொப்பி) வரும்போதெல்லாம் நாம் போட்டுப்பார்க்கும் ஸ்ட்ரட் அண்ட் டை முறையை, அதாவது கான்கிரீட்டுக்குள் சுமை போகும் வழியை அழுத்தக் கால்களும் இழுவைக் கம்பிகளுமாகப் பார்க்கும் கணக்கை, 1987-இல் சகாக்களோடு சேர்ந்து ஒழுங்குபடுத்தி எழுதினாரே, அவரேதான். மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரை வேலையை பொறியாளர் லியோன்ஹார்ட்டின் அலுவலகத்திலிருந்து முன்நின்று நடத்தியபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அப்படிப்பட்டவர் இங்கே வந்து, "வெல்டிங்குக்கு ஏற்ற எஃகை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கே என்ன எஃகு கிடைக்கிறது, இங்குள்ள ஆட்களுக்கு எது கைவந்த வேலை என்று பார்த்து, அதற்கேற்ப ரிவெட்டில் வரைந்தார். ஹௌரா பாலமும் ரிவெட்தானே, ஊரே பழகிய தொழில். மேலே கான்கிரீட் தளம், கீழே எஃகுச் சட்டகம், இரண்டும் சேர்ந்து சுமை தாங்கும். பழைய தொழிலை வைத்துப் புது மாதிரிப் பாலம்!

"அதுதான் கட்டி முடிக்க இருபது வருஷம்" என்று நீ சிரிப்பாய். 1972-இல் அடிக்கல், 1992-இல் திறப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை தொடங்கியதே 1979-இல்தான். அந்த ஏழு வருஷத்தையும் ரிவெட் தலையில் கட்டாதே.

இளவயதில் ஷ்லைஹ் தச்சு வேலையும் முறையாகக் கற்றவர். இவரது அப்பா லுட்விக் ஷ்லைஹ் ஒரு பாதிரியார், ஸ்டெட்டனில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லத்தை நடத்தியவர். 1940-இல் நாஜிகள் அங்கிருந்தவர்களில் பலரை பஸ்ஸில் ஏற்றிப்போய்க் கொன்றார்கள். அதை எதிர்த்து அந்த அப்பா பெர்லினுக்கே கடிதம் எழுதினார். மகனுக்கு அப்போது ஐந்து, ஆறு வயது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லையடா. 'யாருக்கு இது பயன்படும், யார் கையால் கட்டப்படும்' என்று ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாரென்றால் அது அந்த வீட்டிலிருந்து வந்திருக்கும் என்று தோன்றுகிறது. என் ஊகம்தான்.

ஸ்பெயினில் மன்சனாரெஸ் என்ற ஊரில் 195 மீட்டர் உயரத்துக்கு ஒரு சூரியப் புகைபோக்கியும் நிறுத்தினார். வெயிலில் சூடாகும் காற்று மேலே ஏறி டர்பைனைச் சுற்றும். வெறும் 50 கிலோவாட். 1989-இல் இழுகம்பிகள் துருப்பிடித்துப் புயலில் சாய்ந்தது. பாலைவன ஏழை நாடுகளுக்கு இதுவே மின்சாரம் என்ற நம்பிக்கையை அவர் அதற்கப்புறமும் விடவில்லை. 2021-இல் காலமானார்.

உன் கட்சி வெல்டிங் என்பது தெரிந்ததே. களைப்பு விரிசலில் (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் எஃகில் விழும் விரிசல்) ரிவெட் இணைப்பு எப்படி நடக்கும், வெல்டிங் எப்படி நடக்கும் என்று மட்டும் நேர்மையாக எழுது. மெஸ் அண்ணன் கணக்கு மாதிரி எழுதாதே.

அன்புடன்,
ராமு