கணினி விளம்பரங்களில் கிராபிக்ஸ் கார்டின் முழுப்பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் நிற்கும் காலங்களில் தங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கங்களிலும் நகரத்துச் சுவர்களிலும் கணினி விற்பனை அறிவித்தல்கள் பெருகுவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அவற்றுள் பல, ‘கேமிங் கணினி, 16 ஜி.பி. ராம், 8 ஜி.பி. கிராபிக்ஸ், குறைந்த விலை’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்த எட்டு ஜி.பி., திரையில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுகளுள் எந்தக் கார்டின் நினைவகம் என்பது எழுதப்படுவதில்லை. பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு, இத்தகைய அறிவித்தலை வெட்டிக்கொண்டு வந்து ‘சேர், இதை வாங்கலாமா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு ஆம் என்றும் சொல்ல முடிவதில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடிவதில்லை. கணினியின் விலையில் பெரும் பங்கை விழுங்குவதும், விளையாட்டு ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தக் கார்டே என்பதால், இது பற்றிச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு வேண்டுகிறேன்.

கார்டில் இருக்கும் நினைவகம் படத்தை வரைவதில்லை. வரைகின்ற சிப்புக்கு வேண்டிய தரவை அது வைத்திருக்கிறது, அவ்வளவே. எவ்வளவு ஆழமான தோட்டக் கிணறானாலும் அரை அங்குலக் குழாயால் இறைத்தால், வாழைக்குப் போய்ச் சேருவது அந்தக் குழாய் விடுகின்ற தண்ணீர் மட்டுந்தான். என்விடியா நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஜிபோர்ஸ் ஜி.ரி. 730 கார்டுகளில், வேகம் குறைந்த டி.டி.ஆர்.3 வகை நினைவகம் 4 ஜி.பி. பொருத்தியவை உண்டு. 2016இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1050 பெரும்பாலும் 2 ஜி.பி. நினைவகத்துடனேயே விற்கப்பட்டது. விளம்பரக் கணக்கின்படி முன்னது இருமடங்கு பெரியது. விளையாட்டை ஓடவிட்டால் அது பின்னதன் கிட்டவும் வராது. ஜி.ரி. 1030 இன்னும் மோசமான உதாரணம். 2017இல் கார்டுகளுக்கென அமைந்த வேகமான ஜி.டி.டி.ஆர்.5 நினைவகத்துடன் வந்தபோது அது செக்கனுக்கு 48 ஜி.பி. தரவைக் கடத்தியது. மறு ஆண்டு அதே பெயரில், அதே 2 ஜி.பி. அளவில், டி.டி.ஆர்.4 நினைவகத்துடன் வந்த கார்டு கடத்தியதோ 16.8 ஜி.பி. மட்டுமே. பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஒற்றை வரியை வாசிக்காதவர், பெயரையும் அளவையும் சரிபார்த்து வாங்கியும் மூன்றிலொரு பங்கு நினைவக வேகத்தையே பெறுவார்.

பெயர் ஒன்றாக இருக்கப் பொருள் வேறாக இருக்கும் இந்த வழக்கத்துக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. அது தயாரிப்பாளரிடமிருந்தே தொடங்குகிறது. ஜி.ரி.எக்ஸ். 1060 கார்டின் 6 ஜி.பி. வகையில் கோர்கள் எனப்படும் கணக்கிடும் சிறு அலகுகள் 1,280உம் 3 ஜி.பி. வகையில் 1,152 கோர்களும் இருந்தன. 2022 ஜனவரியில் 2,560 கோர்களோடும் 8 ஜி.பி. நினைவகத்தோடும் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3050, 2024 பெப்ரவரியில் 2,304 கோர்களோடும் 6 ஜி.பி. நினைவகத்தோடும் மீண்டும் வந்தது. சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதையின் அகலமும் 128 பிற்றிலிருந்து 96 பிற்றாகக் குறைந்திருந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் றேடியன் ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் இன்று இணையவழி விற்கப்படும் மலிவான கார்டுகள் பலவும், 2018இல் சீனச் சந்தைக்கென வெளியிடப்பட்ட 2,048 கோர் வகையைச் சேர்ந்தவை. மூல ஆர்.எக்ஸ். 580இல் 2,304 கோர்கள் உண்டு. 2,048 என்பது அதற்குக் கீழ்ப்பட்ட ஆர்.எக்ஸ். 570இன் எண்ணிக்கை. என்விடியா 2022இல் ஆர்.ரி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில், சிப்பே வேறான 16 ஜி.பி., 12 ஜி.பி. கார்டுகள் இரண்டை அறிவித்தபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது; பெயர் சரியாக அமையவில்லை என்று தானே ஒப்புக்கொண்ட நிறுவனம் சிறியதை விலக்கி, மறு ஆண்டு ஜனவரியில் ஆர்.ரி.எக்ஸ். 4070 ரி.ஐ. எனப் பெயர் மாற்றி வெளியிட்டது. பல நூறு டொலர் கொடுப்பவருக்குக் கிடைத்த இந்த நியாயம், குறைந்த விலைக் கார்டு வாங்குபவருக்குக் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

இதனால் நினைவகத்தின் அளவு பொருட்டே அல்ல என்று எவரும் கொண்டுவிடக் கூடாது. அண்மைக்காலப் பெரிய விளையாட்டுகளுக்கு 4 ஜி.பி. போதாது. கார்டின் நினைவகம் நிரம்பியதும் எஞ்சிய தரவு கணினியின் ராமிலிருந்து தாய்ப்பலகையின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் இணைப்பு வழியாக வந்து போகவேண்டியிருப்பதால், படம் விட்டுவிட்டு ஓடும். 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. இந்த இடத்தில் இரட்டை அடி வாங்குகிறது. அதன் நினைவகம் 4 ஜி.பி.; தாய்ப்பலகையோடு பேசும் பாதைகளும் நான்கே. நான்காம் தலைமுறை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் உள்ள புதிய பலகையில் ஓரளவு சமாளிக்கும் அக்கார்டு, நம் வீடுகளில் உள்ள மூன்றாம் தலைமுறைப் பலகையில் அந்தப் பாதைகளின் வேகம் பாதியாகிவிடுவதால் தடுமாறுகிறது. விளையாட்டைப் பதிவுசெய்து வெளியிட விரும்பும் பிள்ளைகளுக்கு அதில் வீடியோவைக் குறியேற்றும் வன்பொருளும் இல்லை. புதிதாக எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழைய கணினிக்கு அதனை நான் பரிந்துரைப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் குறைந்த செலவில் கேமிங் கணினி அமைப்போர் பெரும்பாலும் தொடங்குவது, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்.பி. கணினிகளிலிருந்துதான். நான்காம் தலைமுறை முதல் ஏழாம் தலைமுறை வரையிலான இன்டெல் ஐ5 புரொசசருடன் கிடைக்கும் இக்கணினிகள் உறுதியானவை. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றின் மின்வழங்கிகள் பெரும்பாலும் 180 முதல் 290 வாற்று வரையிலானவை. கிராபிக்ஸ் கார்டுக்கெனத் தனி மின் இணைப்பு அவற்றில் அநேகமாக இருப்பதில்லை. தாய்ப்பலகையின் துளையொன்று கார்டுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75 வாற்று. எனவே இக்கணினிகளுக்குப் பொருந்துவன அந்த எல்லைக்குள் அடங்கும் சில கார்டுகளே: ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ., தனி மின் இணைப்புக் கேட்காத வகை ஜி.ரி.எக்ஸ். 1650, நான் மேலே குறைகூறிய 6 ஜி.பி. ஆர்.ரி.எக்ஸ். 3050. கடைசியாகச் சொன்னதன் மின்தேவை 70 வாற்று மட்டுமே. பெயரில் அது செய்தது ஏமாற்று என்றாலும், பழைய அலுவலகக் கணினிக்கு இன்று அதைவிடச் சிறந்த புதிய கார்டைச் சொல்வது கடினம். ஒடுக்கமான பெட்டியாயின் குட்டை உயரக் கார்டா என்பதையும் அளந்து பார்க்கவேண்டும்.

இந்த எல்லையை மீறச் சிலர் கையாளும் வழி ஆபத்தானது. 185 வாற்று கேட்கும் ஆர்.எக்ஸ். 580ஐப் பொருத்திவிட்டு, வன்தட்டுக்குச் செல்லும் சாட்டா மின்கம்பியிலிருந்து ‘அடாப்டர்’ எனப்படும் மாற்றி ஒன்றின் மூலம் மின்சாரம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த இணைப்பி 12 வோல்ற்றில் தாங்கக்கூடியது 54 வாற்று மட்டுமே. அதன் பிளாஸ்ரிக் உருகிக் கறுத்த நிலையில் கணினிகள் என்னிடம் வந்திருக்கின்றன. ‘கார்ட் பழுது’ என்றே உரியவர்கள் நம்பியிருந்தார்கள். புதிதாக அமைக்கும் கணினியிலும் பெட்டியோடு இலவசமாக வரும் ‘500 வாற்று’ மின்வழங்கியின் எண்ணை நம்பக்கூடாது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, பெயர் தெரிந்த மின்வழங்கிக்குக் கொடுக்கும் பணத்தைக் கார்டுக்கான காப்புறுதி என்றே கொள்ளவேண்டும். மாலையில் வோல்ற்றளவு இறங்கி ஏறும் வீடுகளுக்கும், ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கும் நடுவே வாழும் நமக்கு இது மிகையான முன்னெச்சரிக்கை அல்ல.

பாவித்த கார்டுகளைப் பற்றி, யாவும் கழிவு என்றும் யாவும் இலாபம் என்றும் இருவிதமான மிகைக் கருத்துகள் நிலவுகின்றன. 2022 செப்ரெம்பர் 15ஆம் திகதி இதெரியம் என்னும் மின்னணு நாணய வலையமைப்பு தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதோடு, கார்டுகளைக் கொண்டு கணக்கிட்டு அந்நாணயத்தை ஈட்டும் ‘அகழ்வு’ முடிவுக்கு வந்தது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் சந்தைக்குத் திரண்டு வந்தன. அகழ்வில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை ஒதுக்கவேண்டியதில்லை. விசிறியும் வெப்பப் பசையும் மாற்றத்தக்கவை. ஒதுக்கவேண்டியது ஓடவிட்டுக் காட்ட மறுக்கும் விற்பனையாளரை. முகநூலில் படம் பார்த்து, முற்பணம் அனுப்பி, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக எடுப்பிக்கும் கார்டில் இந்தச் சோதனைக்கு இடமே இல்லை. 2010இல் வெளியான ஜி.ரி.எஸ். 450 போன்ற பழைய கார்டுகளின் உள்ளமை மென்பொருளைத் திருத்தி ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ. எனக் காட்டும் போலிகள் உலகச் சந்தையில் உலவியுள்ளன. விண்டோஸ் அவற்றைக் கண்டுகொள்ளாது. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் சிப்பின் உண்மைப் பெயர், கோர்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் வகை, பாதையின் அகலம் யாவும் ஒரே சாளரத்தில் தெரியும். இவ்வகை என்விடியா போலிகளை அது எச்சரிக்கையோடு காட்டவும் செய்யும்.

பழைய கார்டுகளுக்கு இன்னொரு காலக்கெடுவும் உண்டு. ஜி.ரி.எக்ஸ். 900, 1000 தொடர்களுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான இயக்கி மென்பொருள் வழங்குவதை 2025 ஒக்ரோபருடன் என்விடியா நிறுத்திவிட்டது. 2028 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஒளியின் போக்கைக் கணித்துப் படம் வரையும் ரே ட்ரேசிங் வசதி இல்லாத கார்டில் தொடங்கவே மறுக்கும் விளையாட்டுகளும் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே நல்ல மின்வழங்கி வைத்திருப்பவர் பாவித்த கார்டே வாங்குவதாயினும், ஆர்.எக்ஸ். 580ஐ விட்டு, 2021இல் வந்த 8 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6600ஐத் தேடுவது புத்தி. அதன் மின்தேவையும் 132 வாற்று மட்டுமே. 2024 டிசெம்பரில் 249 டொலருக்கு வெளியான இன்டெல் ஆர்க் பி580, 12 ஜி.பி. நினைவகத்துடன் கவர்ச்சியாகத் தோன்றினாலும், கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசசர் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய பலகைகளில் தன் வேகத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் கார்ட் தேவை என்பதும் இல்லை. வலரன்ட் போன்ற, கணினியை அதிகம் வருத்தாத விளையாட்டோடு நிற்பவருக்கு 2021இல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி புரொசசருக்குள் அடங்கிய கிராபிக்ஸே போதும். அதற்கு ஒரே 16 ஜி.பி. ராமைப் போடாமல் இரண்டு 8 ஜி.பி. ராம்களைப் போடவேண்டும், உள்ளமை கிராபிக்ஸ் ராமையே தன் நினைவகமாகப் பாவிப்பதால், இரண்டு வழியாகத் தரவு வரும்போது நினைவகக் கடத்தலின் வேகம் இருமடங்காகிறது. மாறாக, ஐ3 12100எஃப் என்பதுபோல் ‘எஃப்’ எழுத்தில் முடியும் இன்டெல் புரொசசரில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் பழுதான அன்றே அந்தக் கணினியில் பாடக் குறிப்பைக்கூடத் திறக்க முடியாது.

விலை பற்றி ஒன்று. வெளியீட்டின்போது 299 டொலர் என அறிவிக்கப்பட்ட ஆர்.ரி.எக்ஸ். 4060 போன்ற கார்டு, டொலர் ஏறத்தாழ 300 ரூபா என்று கொண்டு 18 வீத வற் வரியை மட்டும் சேர்த்தாலே ஒரு இலட்சத்து ஐயாயிரம் ரூபாவைத் தாண்டிவிடும். இதனால் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கும் வழக்கம் உண்டு. கார்ட் இங்கும் வேலை செய்யும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே நின்றுவிடும். உள்ளூர்க் கடையில் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்பதற்காகவே. அந்த இடம் பற்றுச்சீட்டில் ‘வி.ஜி.ஏ. 8 ஜி.பி.’ என்று மட்டும் எழுதித் தருமாயின் அந்தக் கூடுதல் பணத்துக்குப் பொருளே இல்லை. இப்படி எழுதிய சீட்டோடு திரும்பிச் சென்ற என் மாணவன் ஒருவனின் தந்தையிடம், ‘நாங்கள் தந்தது இந்தக் கார்ட் இல்லை’ என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். மறுத்துப் பேச அவர் கையில் எதுவுமில்லை.

எனவே தங்கள் விளம்பரப் பிரிவினரிடம் என் வேண்டுகோள், கணினி விளம்பரங்களை ஏற்கும்போது கிராபிக்ஸ் கார்டின் தயாரிப்பாளர், மாதிரி இலக்கம், நினைவகத்தின் அளவும் வகையும், புதியதா பாவித்ததா என்ற விபரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டும் என்பதே. ஒரு வரி கூடுதலாகும். அதற்குரிய கட்டணத்தைக் கடைக்காரர் தருவார். நகரிலுள்ள விற்பனையாளர்கள் அதே விபரத்தைக் கார்டின் தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டிலும் எழுதித் தரவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை; மறுத்தால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அந்த அதிகார சபையிடம் முறையிடலாம்.

இங்ஙனம்,
தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.