ஆழத்திலும் அலை உண்டு

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் கடல் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஆழத்தில் எல்லாம் அமைதி என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. மேலே வெதுவெதுப்பான லேசான நீர், கீழே குளிர்ந்த அடர்நீர். ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்கும் இயக்கம், இந்த அடுக்குகளைக் கடலடி மலைத்தொடர்மேல் தள்ளும்போது உள்ளுக்குள்ளேயே அலை கிளம்புகிறது. அதுதான் உள் ஓதம். அடுக்குகளுக்கிடையே அடர்த்தி வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் அலை எக்கச்சக்கமாக உயரும். அந்தமான் கடலில் 60 மீட்டருக்கு மேலும் எழுந்ததை அளந்திருக்கிறார்கள். நம் மீனாட்சியம்மன் கோவில் தெற்குக் கோபுரமே 52 மீட்டர்தான்! மேலே படகில் இருப்பவருக்கோ சலசலக்கும் நீர்ப்பட்டை ஒன்று கடந்துபோவது மட்டுமே தெரியும்.

இப்படி இரண்டு உள் ஓதங்கள் எதிரெதிரே வந்து சந்தித்தால், நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் நிலையலை உருவாகும். ஓரிடத்தில் அடுக்குகள் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சற்றுத் தள்ளி, கணு எனப்படும் இடத்தில், ஏற்ற இறக்கமே இருக்காது. ஆனால் நீர் பக்கவாட்டில் வேகமாகப் போய்வரும். பிளஸ் ஒன் பிள்ளைகள் நிலையலையைக் கம்பியிலும் ஆர்கன் குழாயிலும் மட்டுமே படிக்கிறார்கள், பாவம். அந்தமான் கடலின் செயற்கைக்கோள் படங்களில் உள் அலைகள் கோடுகோடாகத் தெரியும். அடுத்த வாரம் அப்படி ஒரு படம் போடுங்களேன்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருநகர், மதுரை