அகாமே அருவிக்கு வருமுன்

ஒசாகா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலந்தானே?

நவம்பரில் வரும்போது அருவியும் பார்க்கணும், நிஞ்சா பயிற்சியும் எடுக்கணும் என்று சின்னவன் கேட்டானே, இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மியே மாநிலம் நபாரியிலுள்ள அகாமே 48 அருவிகள். நிஞ்சா அருங்காட்சியகம் இருக்கும் இகா உவேனோ வேறு ஊர்; இரண்டையும் ஒரே நாளில் அடுக்கிவிடாதீர்கள்.

கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் அகாமேகுச்சி நிலையத்தில் இறங்கி, பஸ்ஸில் பத்து நிமிடம். சிறப்பு விரைவு ரயில் அங்கே நிற்காது. பஸ்ஸும் நாளுக்குச் சிலதான், ஆகவே திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் குற்றாலம் மாதிரி எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நிற்க முடியாது. இங்கே அருவி பார்ப்பதற்கு மட்டுந்தான். பள்ளத்தாக்கு சுமார் 4 கிலோமீட்டர், கடைசிவரை போய்வர மூன்று மணி நேரம் பிடிக்கும். பெரிய அருவிகள் ஐந்து. அவற்றில் நுனோபிக்கி 30 மீட்டர், நீளத் துணியைத் தொங்கவிட்டது போல விழும். அத்தானுக்கு முழங்கால் வலி என்றால் அங்கேயே திரும்பிவிடலாம், குறையில்லை. கற்படிகளில் பாசி இருக்கும். அதில் ஈரமான இலையும் சேர்ந்தால் இறங்கும்போதுதான் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. வாசலில் ராட்சத சாலமாண்டரை, அதாவது நீரில் வாழும் பெரிய பல்லி போன்ற பிராணியைக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

நிஞ்சா பயிற்சிக்கு முன்பதிவு வேண்டும். உடை அவர்களே தருவார்கள். சுவர் ஏறும்போது பயத்தில் சுவரைக் கட்டிப்பிடித்தால் கால் நழுவும். உடம்பைப் பின்னால் சாய்த்து, பாதத்தை முழுக்கப் பதிக்கணும். ஷுரிகென் என்ற கூரான எறிதகட்டை ஓங்கி வீசினால் பலகையில் பட்டுத் தெறிக்கும், மெதுவாக நேரே விட்டால் குத்தி நிற்கும். மிதவையில் நீர் கடக்கும்போது கால்கள் விலகிக்கொண்டே போகும், கயிற்றை விடக்கூடாது. 1676-இல் தொகுத்த 'பான்சென்ஷுகாய்' என்ற நிஞ்சா கலை ஏட்டில் மிசுகுமோ என்ற மரவளையம் உண்டு, அகலம் சுமார் 65 சென்டிமீட்டர். அதைக் காலில் மாட்டி நீர்மேல் நடந்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. 60 கிலோ ஆளைத் தாங்க 60 லிட்டர் நீராவது விலகணும், அந்த வளையம் எங்கே விலக்கும்?

சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளலாம். இங்கே சைவம்போலத் தெரியும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். குப்பைத் தொட்டி அரிது, ஒரு பை எடுத்துக்கொள்.

பிள்ளைகளின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு, உடைக்குச் சொல்லிவைக்கணும்.

அன்புடன்,
உன் தம்பி