டோம் வீட்டுக்கு யாரு பில் போடுவா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஞாயிறு பேப்பர்ல எதிர்கால டோம் வீடு, அதாவது கிண்ணத்த கவுத்த மாதிரி உருண்டையான வீடு, பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் செவ்வாய் கிரகத்துல கட்டுன மாதிரி ஜோரா இருக்கு, ஆனா அரசாங்கம் குடுக்குற 3.5 லட்சத்துல வீட்ட முடிக்கணும்னு நிக்கிற எங்க காரைக்குடி பக்கத்து குடும்பத்துக்கு இதுல என்ன இருக்குன்னு ஒரு வரிகூட காணோம்.

கணக்கு நல்ல கணக்குதான். 360 சதுர அடி தரைக்கு அரைக்கோளமா கட்டுனா வெளிப்பரப்பு 720 சதுர அடி, அதையே சதுரமா பத்தடி சுவர் எழுப்பி தளம் போட்டா 1,120 வந்துடும். பூச்சு, பெயிண்ட், வெயில் இறங்குறது எல்லாம் குறையும். ஆனா வளைஞ்ச சுவத்துல பீரோவ எங்க சாத்துறது, சாமி படத்த எங்க மாட்டுறது? ஃபுல்லர்ங்கிற அமெரிக்க வடிவமைப்பாளர் 1954ல பேட்டன்ட் வாங்குன முக்கோண டோம்ல குடியிருந்த அமெரிக்காக்காரங்களே ஜாயின்ட்ல ஒழுகுதுன்னு புலம்புனாங்க.

நமக்கு தோது ஆரோவில் பக்கம் கட்டுறதுதான். சுவர் நேரா, மேல மட்டும் வளைவு. செம்மண்ணுல 5 சதவீதம் போல சிமெண்ட் கலந்து மிஷின்ல அழுத்துன கல்லு, சூளையே வேண்டாம், சென்ட்ரிங் பலகையும் இல்லாம வரிசை வரிசையா மண்குழம்புல ஒட்டிக்கிட்டே போறாங்க, வளைவு சுவர வெளிய உதைக்கிறத தாங்க சுவர் மேல சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டா போதும், கம்பிச் செலவு அதோட சரி. செம்மண்ணுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா?

தண்ணிக்கும் வழி இருக்கு. எங்க ஆயா வீட்டு வளவுல, அதாவது நடு முற்றத்துல, மழை வந்தா நாலு பக்க ஓட்டுத்தண்ணியும் உள்ள இறங்கும், கிடாரத்த வச்சு புடிப்பாங்க. டோம்ல வெளியதான் வழியும், அதனால அடியில சுத்தி வாய்க்கா கட்டி தொட்டியில விடணும். 360 சதுர அடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சாலே 300 லிட்டருக்கு மேல. சோலார் பேனல மட்டும் அந்த உருண்டையில ஏத்தாதீங்க, பாத்ரூம் தளத்துல வச்சுக்கலாம்.

சிக்கல் வேற இடத்துல. அந்த 3.5 லட்சம் குடுக்குற கலைஞர் கனவு இல்லம் திட்டத்துல 360 சதுர அடின்னா 300க்கு ஆர்.சி.சி. (கம்பி கட்டுன கான்கிரீட்) தளம் போட்டாகணும். வளைவுக்கூரை எவ்வளவு கெட்டியா இருந்தாலும் பில் நிக்காது, அரசாங்கப் பணம் வராது, பில் நிக்காத வேலைய எந்த மேஸ்திரியும் கத்துக்க மாட்டாரு. அதனால அந்த விதியில வளைவுக்கூரையையும் சேத்து, காரைக்குடியில ஒரு மாதிரி வீடு கட்டி, நம்ம கொத்தனாருங்கள வச்சே பழக்கணும். உங்க நிருபர் அடுத்த தடவ வீட்டுவசதி அதிகாரிங்கள பாக்குறப்ப இத கேட்டு பதில போடுங்க ஐயா.

இப்படிக்கு,
வாசகர், பள்ளத்தூர்